கடிகாரத்திடம் தோற்ற ஆட்டம்

சங்கரன்கோவில்,
ஆகஸ்ட் 1984.

ஆண்டவருக்குள் மதிப்பிற்குரிய மச்சான் ஞானஒளிவு அவர்களுக்கு, யோவான் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே என் சுகத்தை விசாரிக்க ஆள் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்: சுகம்.

ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும் இங்கே நடந்த செஸ் போட்டியில் என் மானம் போன கதையை மற்றவர் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. எதிரே கரிவலம் ஜவுளிக்கடை அப்துல் மஜீது. நான் வழக்கம்போல கிங்ஸ் காம்பிட், அதாவது இரண்டாம் நகர்த்தலிலேயே சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பாய்கிற ஆட்டம். "இது சீக்கிரம் முடிஞ்சிரும்வே, பொறவு என்ன செய்வீரு?" என்று நீங்கள் தபால் கார்டில் திட்டுவீர்களே, அதேதான். ஒரு குதிரையையும் கொடுத்தேன். அவருடைய ராஜா துணையில்லாமல் நடுப்பலகைக்கு வந்து நின்றது. அந்நேரம் பார்த்துக் கரண்டு போனது. காலமெல்லாம் வீடு வீடாக மீட்டர் பார்த்த பாவத்துக்கு, போட்டி நடத்துகிறவர் என்னிடம் வந்து எப்போ வரும் என்கிறார். ரிட்டயர் ஆனவனுக்கு என்ன தெரியும்? அந்த எரிச்சலில் வெட்டிய பிஷப்பை டீ கிளாசுக்குள் போட்டுவிட்டேன். இதில் இரட்டைக் கடிகாரம் வேறு. நகர்த்தியதும் அதன் தலையில் அமுக்காவிட்டால் எதிராளி யோசிக்கிற நேரமும் நம் கணக்கில்தான் ஓடுமாம். உங்கள் தங்கச்சி இன்பம் இறந்துபோன நாளிலிருந்து நான் ஆடியதெல்லாம் கார்டு செஸ்தானே? நகர்த்தலை எழுதி, கீழே எல்லோரையும் விசாரித்து, பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்தே பழகியவன். அதேபோல ஒவ்வொரு காயை வைத்ததும் கையைக் கட்டிக்கொண்டு மஜீதின் குடும்பத்தை விசாரித்தேன். அவர் மகள் ரசீதா கல்யாணத்தில் ஆரம்பித்தார். நல்ல மனுஷன், ஞாபகப்படுத்தவும் செய்தார்: "அண்ணாச்சி, கடிகாரத்தை அமுக்குங்க. உங்க நேரம்லா ஓடுது."

ஜெயிக்கிற நிலையில் என் நேரம் தீர்ந்து கடிகாரத்தில் கொடி விழுந்தது. தோல்வி என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பாழாப்போன கடிகாரத்தால் வந்த வினை! இனி பலகையைத் தொட மாட்டேன். நீங்களும் கார்டு போட வேண்டாம்.

கனகமணிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். ஆண்டவர் உங்கள் வீட்டுச் சத்தத்தைக் குறையாமல் காப்பாராக.

இப்படிக்கு,
யோவான்

பின்குறிப்பு: மறைக்க மனசு வரலை மச்சான். கடிகாரத்து மேல ஒரு குத்தமும் இல்ல. கடைசியில என் முறைதான். ராணியை வச்சா ஆட்டம் முடிஞ்சுது, அதை நான் பார்த்துட்டேன். வச்சிருந்தா மஜீது கை கொடுத்துட்டு கரிவலம் பஸ்ஸுக்குப் போயிருப்பாரு. கல்யாணக் கதை அப்பத்தான் பந்திக்கு வந்திருந்தது. நான் ராணியைத் தொடாம, "பொறவு?"ன்னு கேட்டேன்.

நம்ம ஆட்டத்துல இப்ப உங்க முறை. நகர்த்த மெதுவா யோசிங்க. கார்டை மட்டும் சீக்கிரம் போடுங்க.