பதினான்கு காசிகளும் பதினாறு கே மெமரியும்

கம்ப்யூட்டர் மந்தமாக ஓடினால் மனிதர்கள் முதலில் செய்வது எதையாவது அழிப்பதுதான். நானும் அழித்தேன். நான் அழித்தது என் பெரியப்பாவை.

(பதற வேண்டாம். அதற்குப் பிறகும் அவர் நெடுநாள் திடமாக இருந்தார். வெட்கத்தில் செத்துப்போனவள் நான்தான்.)

எண்பதுகளின் கடைசி. தென்காசியில் எங்கள் தெருவில் டி.வி. இருந்ததே நாலு வீட்டில். அப்போது சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். டிபன் பாக்ஸ் மூடி அளவுக்கு ஒரு விசைப்பலகை, அவ்வளவுதான். அதை டி.வி.யில் சொருக வேண்டும். எழுதியதைச் சேமிக்க டேப் ரிக்கார்டரும் பாட்டு கேசட்டும் வேண்டும். மெமரி பதினாறு கே. இன்று ஒரு போட்டோவின் மூலையைக்கூட அதில் அடைக்க முடியாது.

நான் திருநெல்வேலியில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள். இருபது பேருக்கு இரண்டு மெஷின். நான் அதைத் தொட்டது மொத்தம் நாலைந்து முறை இருக்கும். ஆனால் தெருவில் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் அந்த மெஷினைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அக்காள் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் அப்பா ஐந்தருவியில் பாசி வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்தாயிற்று. பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போகும் வேலை சங்கர் அண்ணனுக்கு. யார் யாருக்கு என்று பட்டியல் போடும் வேலையை நான் வலியப் போய் வாங்கிக்கொண்டேன்.

"நோட்டுலயே தெளிவா இருக்கேட்டி. அத எதுக்கு டி.வி.ல ஏத்துத?" என்றார் அப்பா.

"இந்தக் காலத்துல போயி நோட்டாப்பா?" என்றேன். (இதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் மூடிவிடத் தோன்றுகிறது.)

அப்பா நோட்டைக் கொடுத்தார். கொடுக்கும்போது குரலைத் தணித்து ஒன்று சொன்னார். "அதுல மொதப் பேரு காசி அண்ணன். எட்டு வருசமாப் பேச்சு வார்த்த இல்ல. அவன் கை பட்டுத்தான் தாலி ஏறணும்னு நெனச்சிருக்கேன். பாத்துக்க, என்ன?"

நான் திரையைப் பார்த்தபடியே "ம்" என்றேன்.

காசி அண்ணன் என்பவர் அப்பாவின் பெரியப்பா மகன். ராயகிரிக்காரர். ஒரு கிணற்று மோட்டாரில் தொடங்கிய சண்டை. அதன் பிறகு எங்கள் வீட்டில் ராயகிரி என்ற ஊர்ப்பெயரையே யாரும் உச்சரித்ததில்லை. எனக்கு அவர் சின்ன வயதில் பார்த்த 'ராயகிரி பெரியப்பா'. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று நான் யோசித்ததே கிடையாது.

நோட்டில் ஆளுக்கு ஒரு வரி. பெயர், ஊர், அடையாளம். 'சுப்பையா, செங்கோட்டை, ரயில்வேயில் இருந்தவர், காது கேட்காது' என்கிற மாதிரி. அத்தனையையும் ஆங்கில எழுத்தில் தட்டினேன். நூறு பேர் வரை மெஷின் ஒழுங்காக ஓடியது. அதற்குமேல் ஒரு எழுத்தைத் தட்டினால், அது திரைக்கு வருவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். இருநூறில் அசையாமல் நின்றுவிட்டது. மெமரி தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி காட்டியது.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அணைத்துவிட்டுப் போட்டேன். உடனே சரியாகிவிட்டது. மெமரி முழுக்கக் காலி. இருநூறு பேரும் போயிருந்தார்கள். கேசட்டில் ஏற்ற மறந்திருந்தேன்.

மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை சூட்டினால்தான் மந்தம் என்று முடிவுகட்டி டேபிள் ஃபேனை மெஷின் பக்கம் திருப்பினேன். மாவுக்கட்டுக்குள் வேர்த்துப்போன அப்பா, "எனக்கு வேணாம்டி, அதுக்கே காத்து வரட்டும்" என்றார். மெஷின் அசைந்துகொடுக்கவில்லை. பிறகுதான் அடையாளங்களை எடுத்துவிடும் யோசனை வந்தது. காது கேட்காதது எல்லாம் கம்ப்யூட்டருக்கு எதற்கு? எடுத்தேன். கொஞ்சம் வேகம் வந்தது. ஆனாலும் கடைசி பத்துப் பேருக்கு இடமில்லை.

அப்போதுதான் என் அறிவு முழு வேகத்தில் வேலை செய்தது. திரையில் ஓடும் பெயர்களைப் பார்த்தால், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பாவூர்சத்திரத்தில் ஒரு காசிவிசுவநாதன், செங்கோட்டையில் ஒரு காசிவிசுவநாதன், இப்படிப் பதினான்கு. ராயகிரியும் அதில் ஓடியிருக்கும், நான் கவனிக்கவில்லை. ஏதோ அரசாங்க உத்தியோகஸ்தர், மாற்றலாகி மாற்றலாகிப் போயிருக்கிறார், ஒவ்வொரு முறையும் அப்பா புதிதாக எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். பாவம், இத்தனை ஊருக்குத் தட்டுமுட்டுச் சாமான்களோடு அலைந்திருக்கிறாரே என்று அவருக்காக வருத்தமும் பட்டேன்.

தென்காசிக் கோயில் சுவாமியின் பெயரைச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு வைத்திருப்பார்கள். இது தென்காசியில் பிறந்த எனக்குத் தெரியும். மெஷின் முன்னால் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியவில்லை.

ஒரே பெயர் பலமுறை வந்தால் கடைசியாக எழுதிய முகவரிதானே சரி? அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழிக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். முக்கால் மணி நேரம் யோசித்து அது வேலையை முடித்தது. பத்துப் பேருக்கு மேலேயே இடம் கிடைத்தது. மிஞ்சிய ஒரே காசிவிசுவநாதன் மேலகரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அப்பாவின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவார்.

சங்கர் அண்ணன் திரையைப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு பைக்கில் கிளம்பினான். பத்து நாளில் வேலை முடிந்தது. அன்று அப்பா அவனிடம் கேட்டார்.

"காசி அண்ணனுக்குக் குடுத்தியாலே?"

"குடுத்தாச்சுப்பா."

"என்ன சொன்னாக?"

"கண்ணு கலங்கிட்டாகப்பா. 'என்னையும் மதிச்சுக் கூப்பிடுதீகளே'ன்னு கையப் புடிச்சிக்கிட்டாக. குடும்பத்தோட வாரேன்னு சொன்னாக."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எட்டு வருடப் பாரம் இறங்கிய அழுகை. நான் பக்கத்தில் நின்று, எல்லாம் என் கம்ப்யூட்டரின் சாமர்த்தியம் என்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று தாலித் தட்டைப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கக் கொண்டுபோகும் நேரம் வந்தது. அப்பா தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பார்வை வாசலிலேயே இருந்தது.

"முகூர்த்தம் தாண்டிரும் அண்ணாச்சி" என்றார் ஐயர்.

"கொஞ்சம் பொறுங்க. எங்க அண்ணன் வரணும்."

மணவறையில் கோமதிக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது சங்கர் அண்ணன் ஓடிவந்தான். "அப்பா, காசி அண்ணாச்சி வந்துட்டாக!"

அப்பா கம்பை ஊன்றி எழுந்தார். வாசலில் சைக்கிள் கடைக்காரர் நின்றார். புது வேட்டி, மனைவி, பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று ஒன்பது பேர். "நம்மள யாரு கூப்பிடப் போறான்னு இருந்தேன் அண்ணாச்சி" என்று கும்பிட்டார்.

அப்பா அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். பிறகு சங்கர் அண்ணனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். எனக்கு அந்த நொடியில்தான் எல்லாம் புரிந்தது.

அப்பா தட்டைச் சைக்கிள் கடைக்காரரிடம் நீட்டி, "தொட்டுக் குடுங்க" என்றார். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, பயபக்தியோடு தாலியைத் தொட்டுக் கும்பிட்டார்.

மறுநாள் காலையில் வாடகைக் காரில் அப்பாவின் காலை நீட்டி வைத்துக்கொண்டு ராயகிரிக்குப் போனோம். பெரியப்பா வாசலில் ஈஸி சேரில் இருந்தார். வா என்று சொல்லவில்லை. நான்தான் பேச வேண்டியிருந்தது. மெமரி, மந்தம், பதினான்கு பேர், மாற்றலான உத்தியோகஸ்தர் என்று ஒன்றுவிடாமல் அழுதுகொண்டே சொன்னேன்.

"எவன மிச்சம் வச்ச?" என்றார் பெரியப்பா.

"மேலகரம் சைக்கிள் கடைக்காரரை."

"வந்தானா?"

"ஒம்பது பேரா வந்தாக."

பெரியப்பாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்தது. "ராயகிரியத் தாண்டி ஒரு ராத்திரி தங்குனவன் இல்லட்டி நானு. எனக்குப் பதினாலு ஊருக்கு மாத்தல் போட்டிருக்கியே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார். "காலு எப்படிலே ஒடிஞ்சது?"

எட்டு வருடத்தில் அப்பாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. சண்டை தீர்ந்தது. ஆனால் அப்பா ஆசைப்பட்டபடி அந்தக் கை தாலியில் படவே இல்லை. அதை யாராலும் திரும்பச் செய்ய முடியாது.

அன்றிலிருந்து பெரியப்பா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் நடையிலேயே நின்றுகொண்டு குரல் கொடுப்பார். "காசி வந்திருக்கேன். லிஸ்டுல இருந்தா உள்ள வாரேன். இல்லன்னா இப்படியே போயிருதேன்." அவர் காலம் முடிந்த பிறகு அந்த வசனம் பேரனிடம் போய்ச் சேர்ந்தது. அவன் பெயரும் காசிவிசுவநாதன்தான். சென்னையில் என் வீட்டு வாசலில் நின்று, "லிஸ்டுல இருக்கேனா அத்தை?" என்பான். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே "வாப்பா" என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வராது. எழுந்து வாசல்வரை போய், கையைப் பிடித்துத்தான் உள்ளே கூட்டி வருவேன்.