என் வீட்டுக்காரருக்கு நான் பார்த்த பொண்ணு

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சாகப் போகிறோம் என்று முடிவானபோதும் எல்லா ஏற்பாட்டையும் பக்காவாகச் செய்தேன். அப்புறம் சாகாமல் போனதுதான் பெரிய மானக்கேடு.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. விளாங்குடியில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. வயிற்றுவலி என்று போனவளை, அப்போதுதான் வந்திருந்த ஸ்கேன் மிஷினில் படுக்க வைத்தார்கள். கணையத்தின் வால் பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அந்த 'இல்லாமலும்' என் காதில் ஏறவே இல்லை.

பயந்துதான் போனேன். மூணாப்பும் ஒண்ணாப்பும் படிக்கிற ரெண்டு பொட்டப்பிள்ளைகளை யார் வளர்ப்பார்கள்? எங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்தான், ஆனால் சடை பின்னச் சொன்னால் கயிறு திரிப்பார். அதனால் ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே அவருக்கு ஒரு பொண்ணு பார்த்து வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவரைக் கேட்கவில்லை (எதற்குத்தான் கேட்டிருக்கிறேன்).

பழங்காநத்தத்தில் எனக்கு ஜாக்கெட் தைக்கிற செல்வராணி நினைவுக்கு வந்தாள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, நல்ல குணம். பஸ் ஏறிவிட்டேன். அளவு கொடுத்துக்கொண்டே விசாரணையை ஆரம்பித்தேன். கோபம் வருமா, பேன் பார்ப்பாளா, கருவாட்டுக் குழம்பு வைக்க வருமா? ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் மார்க் போட்டேன். எழுபத்தெட்டு வந்தது.

"இம்புட்டு கேக்குறீங்களே, மாப்ள யாருக்கா?"

"என் வீட்டுக்காரர்தான். நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்."

அவள் டேப்பைச் சுருட்டினாள். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். "ஜாக்கெட்டைக் கொஞ்சம் லூசாத் தைக்கிறேன்க்கா. ஆப்பரேஷன் முடிஞ்சு நீங்களே வந்து வாங்கிக்கணும். வேற ஆள் கையில குடுக்க மாட்டேன்."

வீட்டில் சொன்னேன். இவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆப்பரேஷன் தியேட்டருக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் நிறுத்தி, "ஒழுங்கா வந்து சேரு. எனக்குச் சடை பின்ன வராது" என்றார்.

வந்து சேர்ந்தேன். ஒரு வாரம் கழித்து டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். கட்டியே இல்லையாம், குட்டி மண்ணீரலாம்! சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒன்று கணையத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமாம், ஸ்கேனில் கட்டி மாதிரியே தெரியுமாம், ஒரு கெடுதலும் செய்யாதாம். (வயிற்றுவலி? காலையில் பட்டினி கிடந்து வந்த அல்சர்.) பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தேன். அழுது முடித்த பிறகுதான் ஜாக்கெட் ஞாபகம் வந்தது.

போகாமல் தீருமா? தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றேன். செல்வராணி ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்து, "மாப்ளைக்கு வேற எடம் பாத்தாச்சாக்கா?" என்றாள். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை.

இன்றைக்கும் சாம்பாரில் உப்பு கூடினால் போதும், மருமகன்கள் முன்னாலேயே இவர் ஆரம்பித்துவிடுவார். "உங்க அத்தைக்கு மண்ணீரலே ரெண்டு மாப்ள. எனக்குத்தான் எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணு."

"கெளம்புங்க, பழங்காநத்தம் பஸ் இருக்கு" என்பேன்.

இவர் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொள்வார்.