சோதித்துப் பார்த்த குற்றம்

உலகத்தில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாத ஒரே அமைப்பு எங்கள் 'ஐயம் கொள்வோர் சங்கம்'தான். இதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று, "சோதிக்காமல் எதையும் நம்பமாட்டோம்" என்று தலைவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வோம். உதடு அசையாதவர்களைப் பதிவேட்டில் குறித்துவைப்பது செயலாளனாகிய என் கடமை.

எங்கள் தெருக் கடைக்காரர் ஒருவர் மூட்டுவலி தீர்க்கும் 'அற்புத நீர்' விற்றுவந்தார். அது வெறும் குழாய்த் தண்ணீர் என்று பன்னிரண்டு ஆண்டுகளாகத் தீர்மானம் போட்டோம், எப்போதும் ஒருமனதாக.

போன மாதக் கூட்டத்தில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு தாளோடு எழுந்தார். ஆய்வகத்தில் வேலை. சங்கத்தில் நாற்காலி போடுவது முதல் பெருக்குவது வரை அவர்தான். இதை விட்டால் மனிதருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"அந்தத் தண்ணிய சோதிச்சுட்டேன். வெறும் குழாய்த் தண்ணிதான். நாம சொன்னது சரி."

கைதட்டுவார்கள் என்று நினைத்தார், பாவம்.

"சரின்னு சங்கம் அப்பவே சொல்லிடுச்சே," என்றார் தலைவர். "அப்புறம் எதுக்குச் சோதிச்சீங்க?"

"உண்மையான்னு பார்க்கத்தான்."

"அப்ப இத்தன வருஷமா உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கு."

"சந்தேகப்படத்தானே சங்கம்?"

"மத்தவங்கள," என்றார் தலைவர் பொறுமையாக.

'அவநம்பிக்கையில் நம்பிக்கை இழந்தார்' என்று அவரை நீக்கினோம். வழிமொழிந்தவன் நான்.

"மச்சான், நீயாவது இதப் படிச்சுப் பாரேன்," என்று தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கம் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

அவர் நேரே கடைக்காரரிடம் போனார். கடைக்காரர் தாளை இரண்டு முறை படித்தாராம்.

"எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்தான் சார். திட்டுறதுக்கு நிறையப் பேர் வந்தாங்க. சோதிச்சுச் சொல்ல ஒருத்தரும் வரல."

மறுநாள் கடையை மூடிவிட்டார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. நீக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்டு ஒரு கடை மூடப்பட்டதாக வரும் வதந்தியை நம்புவதற்கில்லை என்றும், கடை இன்றும் மக்களை ஏமாற்றி வருகிறது என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். தீர்மானத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, ஜன்னலோர மேசையில் வைத்து, எதிரே கடைக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.