கொல்லையில் ஒரு வாலாட்டிக் குருவி

சைகோனில் இருபத்திரண்டு வருஷம் ஜவுளிக் கடை வைத்திருந்தவன் நான். அங்கே சண்டை முற்றி, கடையை மூடிவிட்டுக் காரைக்காலில் வந்து இறங்கியபோது ஒரு தீர்மானம் செய்தேன். இனி மௌத்து வரைக்கும் என் மனைவி ஆஸியா பீவியை விட்டு ஒரு நாளும் பிரிவதில்லை.

இரண்டாவது வாரமே ஆஸியா கேட்டாள். "திரும்பப் பயணம் எப்பங்க?"

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு மாமனார் கட்டியது. எங்கள் ஒரே மகனும் அப்படித்தான் நாகூரில் மாமியார் வீட்டோடு இருக்கிறான். ஆக இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஆஸியா ஒருத்திதான். அவளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம் என்றால், காலை எட்டு மணிக்கெல்லாம் குரல் வரும். "பக்கத்து வீட்டு ஆரிபாவும் ரோஷன் பேகமும் வர்றாங்க. நீங்க கொல்லைப் பக்கம் போங்க."

பெண்டுகள் வந்தால் ஆண்பிள்ளை கொல்லைக்குப் போவது முறை. போனேன். தினமும் போனேன். ஐப்பசி மழையில் குடையோடும் போனேன். கொல்லையோ அடுத்த தெரு வரை நீளம். கோடியில் ஒரு பெஞ்சியைப் போட்டுக்கொண்டு, கப்பலில் வாங்கிய தூரக்கண்ணாடியால் பறவை பார்க்கத் தொடங்கினேன். வேறு யாரைப் பார்ப்பது?

கிணற்றடிக்கு ஒரு வாலாட்டிக் குருவி வரும். வாலை ஆட்டிக்கொண்டே எதையோ தொலைத்தது போல நடக்கும். அதுவும் எங்கிருந்தோ வந்ததுதான். ஆனால் அதனிடம் யாரும் பயணம் எப்போது என்று கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஒரு நாள் அது நடந்து நடந்து அடுப்படி வாசல் வரை போய்விட்டது. கண்ணாடியும் கூடவே போனது. திறந்த சன்னல் வழியே உள்ளே தெரிந்தது. ஆஸியா காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். ஆரிபா இல்லை. ரோஷன் பேகமும் இல்லை.

பகல் சோற்றின்போது மெதுவாகக் கேட்டேன். "ஆரிபா என்ன சொன்னா?"

"அவ மருமகனுக்குக் காச்சலாம்."

"ரோஷன் பேகம்?"

"அவ எங்க பேசுவா? சும்மா இருந்துட்டுப் போனா."

"சன்னல் வழியாப் பாத்தேன் ஆஸியா. நீ மட்டும்தான் இருந்தே."

அவள் அசராமல் மீன் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தாள். எத்தனை நாளாக இப்படி என்றதற்கு, மூன்று மாதமாக என்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. தனியாவே இருந்து பழகிட்டேன். எதுத்தாப்புல உக்காந்து நீங்க என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

சைகோனில்கூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அங்கே நினைத்துக்கொள்ள ஊரில் ஒரு ஆஸியா இருந்தாள்.

மானத்தை விட்டுக் கேட்டேன். "ஒரு நாள் கொல்லைக்கு வந்து பாரேன். பேச வேணாம். பக்கத்துல இருந்தாப் போதும்."

யோசித்தாள். மறுநாள் வந்தாள். பெஞ்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கொடுத்தேன். வாலாட்டியும் வந்தது. ஒரு மணி நேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒரு தடவை சிரித்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. என் தீர்மானம் ஜெயித்துவிட்டது என்று நெஞ்சு விம்மியது.

கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "இவ்வளவு அமைதியான எடம் நம்ம வீட்லயே இருக்குன்னு தெரியாமப் போச்சுங்க."

"அதைத்தானே சொன்னேன்."

"நாளையிலேர்ந்து நான் இங்க இருந்துக்கிறேன். நீங்க உள்ளாற இருங்க."

ஒரு வாரம் ஆகிறது. இப்போது வீடு முழுவதும் எனக்குத்தான். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.