பழைய மைதானத்துத் தூணும் வருங்காலச் சம்பந்தியும்

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் சுகம்; என் இடது கடைவாய்ப் பல்லும் நேற்றிலிருந்து சுகம். தாங்களும் அண்ணியாரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளின் கல்யாணப் பேச்சு நின்றுபோனதாகத் தங்கள் காதுக்கு எட்டிய செய்தி உண்மைதான். ஆனால் அது மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. நடந்ததை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

பையனின் அப்பா பல் டாக்டர் என்பது தங்களுக்குத் தெரியும். அவர் எனக்கு எப்படிப் பழக்கமானார் என்பது தெரிந்திருக்காது. எங்கள் கால்பந்து கிளப்பின் பழைய மைதானத்தில், மேற்கு கேலரியில், கூரையைத் தாங்கி ஒரு இரும்புத் தூண் நிற்கிறது. தூணுக்கு இந்தப் பக்கம் என் சீட்டு, அந்தப் பக்கம் அவர் சீட்டு. எனக்கு ஒரு கோல் கம்பம் தெரியாது, அவருக்கு இன்னொன்று தெரியாது. கேலரியே எழுந்து நின்று கத்தும்போது நான், "என்னாச்சு டாக்டர், என்னாச்சு?" என்பேன். "உள்ள போயிடுச்சு, தலையால முட்டித் தள்ளிட்டான்!" என்பார். அடுத்த பாதியில் அவர் கேட்பார், நான் சொல்வேன். இப்படிக் கேட்டுக் கேட்டே சினேகமாகி, வீட்டுக்கு வந்து போய், பிள்ளைகளுக்கும் ஒருத்தரையொருத்தர் பிடிச்சுப்போய், கல்யாணம் வரைக்கும் வந்துட்டோம். சுருக்கமா சொன்னா, அந்தத் தூண்தான் தரகர்.

இந்த நேரம் பார்த்து, ஊருக்கு வெளியே புது மைதானம் கட்டியிருக்கோம், போகலாமா வேண்டாமான்னு ரசிகர் சங்கம் கூடிச் சொல்லுங்கன்னு கிளப்காரங்க அறிவிச்சாங்க. நான் போகலாங்கிற கட்சி. கண்ணாடிக்கடை வெச்சு ஊர் பார்வையை எல்லாம் சரிபண்ணிட்டு, நான் மட்டும் வாராவாரம் பாதி மேட்ச் பார்த்துட்டு வர்றது நியாயமா? மழை பேஞ்சா கூரை ஒழுகுறது நேரா என் பிடரியில. டாக்டர், செத்தாலும் நகர மாட்டேங்கிற கட்சி. அது அப்போ எனக்குத் தெரியாது. என் பல்லுக்கு ரூட் கெனால் பண்ணும்போது, வாய் நிறையப் பஞ்சைத் திணிச்சுட்டு, "புது மைதானம் பத்தி என்ன நினைக்கிறீங்க?"ன்னார். "போலாம்"னேன். பஞ்சு வழியா அது "வேணாம்"னு அவர் காதுல விழுந்திருக்கு. மனுஷன் குஷியாகி, பாதி வேலையைத் தற்காலிகமா அடைச்சு, "மிச்சம் அடுத்த வாரம்"னு முதுகுல தட்டி அனுப்பினார்.

ரெண்டு நாள் கழிச்சு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துல சங்கக் கூட்டம். தலைவர், பழைய ரெஃபரி. 'விசில்'னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நான் எழுந்து, "அந்தத் தூணைவிடப் பெரிய இம்சை இந்த ஊர்லயே கிடையாது"ன்னேன். டாக்டர் துள்ளி எழுந்தார்.

"அன்னைக்கு வேணாம்னீங்களே?"

"போலாம்னேன் டாக்டர். பஞ்சு உங்களுது."

கூடமே சிரிச்சுது. அவர் முகம் சிவந்துபோச்சு. "தூண் இம்சைன்னா, அதுக்குப் பக்கத்துல இத்தனை வருஷமா உட்கார்ந்த நானும் இம்சைதானே? அந்த இம்சைக்குப் பொறந்தவன்தான் என் பையன், ஞாபகம் வெச்சுக்கோங்க!"ன்னு வெளிய போயிட்டார். கூச்சல்ல கூட்டமும் கலைஞ்சுது, கல்யாணப் பேச்சும் கலைஞ்சுது.

அண்ணா, அதுக்கப்புறம் நான் பட்ட பாடு! சின்னவ, "நீங்க பந்து விளையாட எங்க வாழ்க்கைதான் கிடைச்சுதா?"ன்னு கேட்டுட்டுப் பேச்சை நிறுத்திட்டா. பல்லுல அடைச்சது கழண்டு விழுந்துடுச்சு. க்ளினிக்குக்குப் போனா வரவேற்புல இருக்கிற பொண்ணு, "டாக்டர் உங்களுக்கு மட்டும் ஊர்ல இல்லையாம் சார்"னு அவர் உள்ள இருமுறது கேட்கக் கேட்கச் சொல்லுது. வேற டாக்டர்கிட்ட ஓடினா, "ஆரம்பிச்சவர்கிட்டயே போங்க"ங்கிறார். கன்னம் வீங்கி, மூக்குக் கண்ணாடியே மூஞ்சியில உட்காரலை.

மறு கூட்டத்துல ஓட்டெடுப்பு. விசில், "பழைய மைதானத்துலயே இருக்கணுங்கிறவங்க கை தூக்குங்க"ன்ன அந்த நிமிஷம் பல்லுல சுரீர்னு ஒரு வலி. கை தானா கன்னத்துக்குப் பாய்ஞ்சுது. அதையும் அந்த ஆள் எண்ணிட்டார்! முடிவு: ஒரே ஓட்டு வித்தியாசத்துல பழைய மைதானம் ஜெயிச்சுது. "இல்ல, இல்ல"ன்னு எழுந்து கத்தினேன். வீங்கின வாயிலேர்ந்து என்ன வந்துதோ, கைதட்டினாங்க. விசிலைப் பிடிச்சு உலுக்கினேன். "நான் ஊதினது ஊதினதுதான்"னுட்டார்.

அப்போ டாக்டர் கூட்டத்தை விலக்கிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சார். "எனக்காக மாத்திக்கிட்டீங்களே"ன்னார். கண்ணெல்லாம் கலங்கியிருந்துது. அந்த மூஞ்சியைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழலை. அங்கேர்ந்து நேரா க்ளினிக்கைத் திறந்து, வெள்ளைக் கோட்டுகூட மாட்டாம, மிச்ச வேலையை முடிச்சுக் குடுத்தார். பஞ்சை எடுத்ததும் முதல் வார்த்தையா, "அடுத்த மாசமே நிச்சயம் பண்ணிடலாம் சம்பந்தி"ன்னார்.

ஆகவே, தாங்களும் அண்ணியாரும் குடும்பத்தோடு முன்கூட்டியே வந்திருந்து நிச்சயத்தை நடத்தித் தர வேண்டும். அண்ணியாருக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். பெரியவர்கள் மனதால் வாழ்த்தினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது செய்தி வந்தது. புது மைதானத்தைச் சும்மா எட்டிப் பார்த்துட்டு வரலாம்னு டாக்டர் குடும்பத்தோட போயிருக்கார். அங்கே பெண்கள் கழிவறையைப் பார்த்துட்டு வந்த சம்பந்தியம்மா, இனி பழைய மைதானத்துல கால் வைக்க மாட்டேன்னுட்டாங்களாம். டாக்டரும் கட்சி மாறி, மறு ஓட்டு வேணும்னு கையெழுத்து வாங்கிட்டிருக்கார். இந்தப் பக்கம் என்னடான்னா, ஒத்த ஓட்டுல ஜெயிக்க வெச்ச புண்ணியவான்னு பழைய மைதானத்துலயே இருக்கணுங்கிற கட்சிக்கு என்னையே தலைவராக்கி, ஞாயித்துக்கிழமை பேசச் சொல்லிட்டாங்க. ரெண்டு வரி எழுதி ஒப்பேத்திடலாம்னுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நாலு பக்கம் போயிடுச்சு அண்ணா. படிச்சுக் காட்டினா உங்க தம்பி பெண்டாட்டி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிறா. இப்போ எனக்கே அந்த இடத்தை விட்டுப் போக மனசு வரலை. அந்த டாக்டர்கிட்ட இதுல ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கிறதா இல்லை. தயவுசெஞ்சு நிச்சயத்துக்குன்னு ரயில் டிக்கெட் எதுவும் எடுத்துடாதீங்க.