ஒக்கவாங்கோவில் பருத்தித்துறை வடை

எனக்கு முதலையில் பயமில்லை, யானையில் பயமில்லை. உறைப்பில்லாத சாப்பாட்டில்தான் பயம். இதை வாழ்நாளில் ஒரேயொருமுறை நாலு பேருக்கு முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதுவும் குரங்குகள் காட்டிக்கொடுத்த பிறகு.

மகள் மெலனி, ரஸ்முஸ் என்ற டெனிஷ் பொடியனைக் கலியாணம் செய்யப் போறன் என்று சொல்லி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. (வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ என்று மனைவி றீற்றா கேட்டுக்கொண்டே இருப்பா.) அவன் டென்மார்க்கில், பிராண்டே ஊரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் கால்பந்து பார்ப்பேன், அவனும் பக்கத்தில் இருந்து பார்ப்பான். வேறு கதை இல்லை. கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். நாலு பேருமாக பொட்ஸ்வானாவுக்குப் போய், ஒக்கவாங்கோ சதுப்புநிலத்தில் ஐந்து நாள் கூடாரம் அடித்துத் தங்குவது. அங்கே தொலைக்காட்சி இல்லை, உன்ரை அப்பா என்னோடு கதைத்துத்தானே ஆகவேண்டும் என்று மெலனியிடம் சொன்னானாம்.

போய் இறங்கியதுமே எங்கள் வழிகாட்டி கபோ சட்டம் சொன்னார். கூடாரத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் எதுவும் இருக்கக்கூடாது, பற்பசைகூட இரும்புப் பெட்டிக்குள் போகவேண்டும். மணம் பிடித்து மிருகங்கள் வரும். மீறுகிறவர் அடுத்த படகில் திரும்பவேண்டியதுதான். நான் எல்லோரையும்விடக் கவனமாகத் தலையாட்டினேன். அந்த நேரம் என் ஸ்லீப்பிங் பாக்குக்குள், இரண்டு கம்பளிக் காலுறைகளில், நாற்பது பருத்தித்துறை வடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி இருந்தன. கூடவே, வறுத்த தேங்காயும் செத்தல் மிளகாயும் சேர்த்து இடிச்ச சம்பல் ஒரு போத்தல். (தட்டையாய், மொறுமொறுவென்று, கனநாள் கெடாமல் இருக்கும் வடை. எங்கடை ஆக்கள் கடவுச்சீட்டை மறந்தாலும் இதை மறக்க மாட்டினம்.) பிராண்டேயிலேயே மெலனி இதைப் பெட்டியிலிருந்து இரண்டு தரம் எடுத்து வெளியே வைத்தவள். நான் மூன்று தரம் உள்ளே வைத்தவன்.

இரண்டாம் நாள் காலை எங்களை மரத்தோணியில் ஏற்றி நாணலுக்குள்ளால் கூட்டிக்கொண்டு போனார்கள். அல்லிப்பூவும் தெளிந்த தண்ணியுமாக அப்படி ஒரு வடிவு. றீற்றா செபமே சொல்லத் தொடங்கிவிட்டா. திரும்பி வந்து பார்த்தால் என் கூடாரம் நாராய்க் கிழிந்து கிடந்தது. மரம் முழுக்க பபூன் குரங்குகள். ஒன்று என் காலுறையைக் கையில் மாட்டியிருந்தது. இன்னொன்று சம்பலை நக்கிப்போட்டு, இதையா மனிசர் தின்னுறவை என்பதுபோல என்னையே பார்த்தது.

கபோ நிலத்திலிருந்து அரை வடையை எடுத்து, இது யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தூரத்தில் நின்ற ஒரு மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"என்னுடையது" என்றான் ரஸ்முஸ்.

இது என்ன சாமான் என்று அடுத்த கேள்வி. டென்மார்க் பிஸ்கட், தான்தான் இவருடைய கூடாரத்தில் ஒளித்து வைத்தது என்றான் பாவி. செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் துருத்திக்கொண்டு நின்ற அந்த பிஸ்கட்டைக் கபோ மோந்து பார்த்துத் தும்மினார். பிறகு, பின்னேரப் படகுக்கு ஆயத்தமாகும்படி அவனிடம் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன். இவன் போனால் மிச்ச நாள் நிம்மதி என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படிப்பட்ட மனிசன் நான்.

மெலனி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் டெனிஷில் ஏசினால் சின்னக் கோபம். தமிழில் கதைத்தால் பயப்படவேண்டும்.

"அப்பா, அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. உங்களுக்காகத்தான் சொல்லுறார்."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்தி, வடையும் என்னுடையது, சம்பலும் என்னுடையது, காலுறையும் என்னுடையது, உறைப்பில்லாத சாப்பாடென்றால் எனக்குப் பயம் என்று ஒப்புக்கொண்டேன்.

கபோ சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். ஒளித்தவரும் பொய் சொன்னவரும் சரிசமக் குற்றவாளிகள். இந்தமுறை மன்னிப்பு, ஆனால் கூடாரம் ஒன்று போய்விட்டதால் மிச்ச நாள் முழுக்க இரண்டு பேரும் ரஸ்முஸின் கூடாரத்தில், றீற்றா மெலனியோடு.

அதற்குள் இருந்துதான் கதைத்தோம். அவனுக்குக் கால்பந்து துப்பரவாகப் பிடிக்காதாம். ஒன்பது மாதமும் எனக்காக இருந்து பார்த்திருக்கிறான். திரும்பும் நாள், படகில் ஏறமுதல், மெலனியிடம் ஓம் என்றேன். அவள் அழுதாள், நானும்தான்.

இப்போது அவன் எங்கள் வீட்டு மருமகன். சோறு அடிப்பிடித்தாலும் சரி, கண்ணாடிக் குவளை உடைந்தாலும் சரி, யார் செய்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை, எல்லோரும் ரஸ்முஸைத்தான் காட்டுவார்கள். போனமாதம் நான் காரைப் பின்னுக்கு எடுத்தபோது, அவனுடைய புதுக் காரின் கதவை நசுக்கிவிட்டேன். சத்தம் கேட்டு வீடே வெளியே ஓடிவந்தது. அவன் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கமுதல், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னான்:

"நான்தான், மாமா."