பி.காம் சேரப் போனவருக்குப் பொன்னாடை

கேட்காமலே உதவப் போகிறவனுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். இருபத்தாறு வயதில் எனக்கு அது சேவூரிலிருந்து அருள்புரம் வரைக்கும் நீண்டிருந்தது. (சேவூர் என் ஊர். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர், அதாவது ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை.) செல்போனை உறை போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த காலம் அது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் கார் அனுப்பி, மாலை போட்டு, இளநீர் கொடுத்து ஆர்டர் வாங்குவோம். எதையும் எடுப்பாகக் காட்டினால் காரியம் முடிந்துவிடும் என்று மனதார நம்பினேன்.

எங்கள் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர் ஞானராஜ் அண்ணன். தூத்துக்குடிப் பக்கம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பி.காம் சேர்ந்தால் கேட்டிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக முதலாளி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பல்லடம் பக்கம் ஒரு கல்லூரியில், மாலை வகுப்பில், முன்னாள் ராணுவத்தினருக்கென்று கட்டணமில்லாமல் ஒரே ஓர் இடம் உண்டு. அது அவருக்குத்தான் என்று முடிவாகியும் விட்டது. குறிப்பிட்ட நாளில் பகல் ஒரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போக வேண்டும், அவ்வளவுதான். பஸ் ஏறித் தனியாகப் போயிருந்தால் பதினோரு மணிக்கெல்லாம் கல்லூரி மாணவராகியிருப்பார், பாவம்.

நான் விடுவேனா?

"அண்ணா, சும்மா போனா மதிக்க மாட்டாங்க. கோட்டுப் போட்டு, மெடலெல்லாம் குத்திக்குங்க. பையர் கார நான் ஏற்பாடு பண்றேனுங்க."

"எதுக்கு சார் இதெல்லாம்? சர்ட்டிபிகேட்டக் காட்டுனா போதும்லா?"

"நீங்க சும்மா இருங்கண்ணா. காலேஜ் எப்படின்னு எனக்குத் தெரியாதுங்களா?" (நான் படித்தது தபாலில்.)

அண்ணனிடம் அவருடைய கல்யாணக் கோட்டு இருந்தது. பொத்தான் போடாமல் இருந்தால் மூச்சு விடலாம். மெடல்களைக் குத்திக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் பெருமை தாங்காமல் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அந்தக் கல்லூரியில் என்.சி.சி. விழா என்பது எங்களுக்குத் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினராக வரவேண்டியிருந்தது. எங்கள் கார் உள்ளே நுழைந்து, அண்ணன் மெடல் மின்ன இறங்கினாரோ இல்லையோ, பேண்டு வாத்தியம் முழங்கியது. அவருடைய கை தானாக சல்யூட்டுக்குப் போய்விட்டது. இத்தனை வருடப் பழக்கம், அவர் என்ன செய்வார்? வரிசையாக நின்ற பையன்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒருவனை நிறுத்தி ஷூ லேஸைக் கட்டச் சொன்னார்.

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தானுங்க காத்துட்டு இருக்கறோம்" என்று முதல்வர் ஓடி வந்தார்.

எனக்கு விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. 'இவரு அட்மிஷனுக்கு வந்தவருங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு மாணவி சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "நீங்க சாரோட பி.ஏ.ங்களா?" என்றாள்.

"ஆமாங்க" என்றேன். ஐயோ, எழுதும்போதே கை கூசுகிறது.

மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று போர்த்தினார்கள்! என் ஜென்மத்தில் முதல் பொன்னாடை. அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"சார், மணி பன்னெண்டு தாண்டிட்டு. ஆபீஸ அடைச்சிரப் போறாவ."

"பொறுங்கண்ணா. இத்தனை மரியாதை பண்றவங்க சீட்டு இல்லைன்னா சொல்லுவாங்க?"

அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் விறைப்பாக நின்று, "நான் பேச வரல. இந்தக் காலேஜ்ல பி.காம் சேர வந்திருக்கேன். ஒரு மணிக்குள்ள போவணும்" என்றார்.

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. முதல்வர் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தீங்களா கண்ணுகளா! எத்தனை பெரிய பதவில இருந்தவரு, இன்னும் நான் மாணவன்தாங்கறாரு. என்ன தன்னடக்கம்!"

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அடுத்து மைக் என் கைக்கு வந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வாழ்க்கையே ஒரு கல்லூரி" என்று ஆரம்பித்தேன், மடையன். நடு வழியில் கார் ரிப்பேராகி, ஆட்டோ பிடித்து வந்த உண்மையான அதிகாரி அரங்க வாசலில் நின்று, "யாரய்யா அது மேடையில?" என்று கேட்கும்வரை பேசிக்கொண்டே இருந்தேன்.

இருவரும் அலுவலகத்துக்கு ஓடினோம். ஒரு மணி தாண்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "அந்த சீட்டு அடுத்து இருந்தவருக்குப் போயிருச்சுங்க. உங்க பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டமுங்க. விழா மைக் சத்தத்துல கேக்கலையாட்ட இருக்குதுங்க."

மைக்கில் கத்திக்கொண்டிருந்தது நான்.

முதல்வரிடம் கெஞ்சினேன். அவர் எங்கள் முகத்தையே பார்க்கவில்லை. "பொன்னாடையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். நிஜமாக வந்த அதிகாரிக்குப் போர்த்த வேண்டுமே!

திரும்பும் வழியில் அண்ணன் மெடல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அதன் பிறகு ஒரு முழு வருடம் அவர் அதே கேட்டில் வெயிலிலும் மழையிலும் நின்றார். தினமும் காலையில் எனக்கு வணக்கம் வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மறு வருடம் என்னிடம் மூச்சுக்கூட விடாமல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தார்.

படித்து முடித்து, இன்று கணக்குப் பிரிவையே அவர்தான் பார்த்துக்கொள்கிறார். எனக்கும் கல்யாணமாகி, மகள் கல்லூரி வயதுக்கு வந்துவிட்டாள். அவளைச் சேர்க்கும் நாளன்று நான் விடியற்காலையிலேயே குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தயாராக நின்றேன்.

"நீங்க எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி. "ஞானராஜ் அண்ணனக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். நீங்க ஊட்லயே இருங்க."

"எனக்கு பேண்டு வாத்தியமெல்லாம் வேண்டாம்ப்பா, சீட்டுப் போதும்" என்று மகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மதியத்துக்கு முன்பே போன் வந்தது. "சார், பாப்பாவச் சேத்தாச்சு. வருசம் ஒண்ணும் வீணாவல" என்றார் அண்ணன். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அண்ணன் என்னங்க சொன்னாரு?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

"சேத்துட்டாராம்."

"பாருங்க, ஊட்லயே இருந்து எத்தனை பெரிய உதவி பண்ணீட்டீங்க!"